சித்தப்பா பெயர் இல்லாத பாலிசி

மண்டி மொஹல்லா,
மைசூரு.

அன்புள்ள மகன் சந்தோஷ்குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் தீபாவும் குழந்தையும் கனடாவின் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. தசராக் கூட்டம் வடிந்து, நம் தெருவில் இப்போதுதான் வண்டி ஓட்ட முடிகிறது. நீ கன்னட மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், ஆனால் இதை எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும், முடியாவிட்டால் தீபாவைப் படித்துக் காட்டச் சொல்.

போன வாரம் போனில் நீ ஒன்று சொன்னாய். சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், ஆள் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் பெயருக்கே விபத்துக் காப்பீடு கட்டியாக வேண்டும் என்று அங்கே சட்டமாம். அது வெட்டிச் செலவு, நழுவுவதற்கு ஏதாவது வழி உண்டா என்று கூட்டாளிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாய். நான் உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, உன் சித்தப்பா வேலாயுதம் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நம் வீட்டில் இருப்பதே உனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அவன் வேலையில் விழுந்துவிட்டான் சந்தோஷ். நீ புதிதாகத் தொழில் தொடங்கிய நேரம், கலங்கிப்போவாய், சொல்ல வேண்டாம் என்று எங்களைத் தடுத்தவன் அவன்தான். அன்று போனை வைத்ததும், "சொல்லிருங்ண்ணா. அங்கியாவது கட்டியே ஆவோணும்ங்கறாங்களே, அதைப் போய் உட்டுறப் போறான்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெப்பாள் பக்கம் ஒரு மாடி வீட்டைக் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, கான்ட்ராக்டர் என்று பெயர்தானே தவிர, பூசுகிற கரணையைக் கீழே வைத்ததே கிடையாது. வெளிச்சுவர்ப் பூச்சுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். இரவெல்லாம் மழை பெய்து காலையில் விட்டிருந்தது. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் தானே ஒருதரம் ஏறி மிதித்துப் பார்ப்பது அவன் வழக்கம், அப்படித்தான் அன்றும் ஏறியிருக்கிறான். நனைந்த கயிறு இளகி, பலகையோடு அவன் கீழே வந்துவிட்டான். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. இனி வரும் என்று டாக்டர்களும் சொல்லவில்லை. அவன் மட்டும் ஏறியிராவிட்டால் அன்றைக்குச் சித்தையன் விழுந்திருப்பான், அவனோடு நெடுநாளாக வேலை செய்கிறானே, நம் கௌதள்ளி ஊர்க்காரன், அந்தச் சித்தையன்தான்.

இதில் என் மனதை அறுப்பது என்னவென்றால், அந்த வேலைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆட்களுக்குப் பாலிசி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், சித்தாள் வரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து எடுத்திருந்தான். நீயும் வெயிலில் நிற்கிறவன்தானே, உன் பேருக்கும் தனியாக ஒன்று எடுத்துக்கொள் என்று ஏஜென்ட் சொன்னாராம். இவன் சிரித்துவிட்டு, நான் ஓனருங்க, எனக்கு எதற்கு என்றானாம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த ஏஜென்ட் வந்து, இது வேலைக்காரர்களுக்கானது, முதலாளிக்குச் செல்லாது என்று மென்மையாகத்தான் சொன்னார். சித்தையன் அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து, நானே கான்ட்ராக்டர் என்றும் வேலாயுதம் மேஸ்திரி என்னிடம் கூலிக்கு வந்தவர் என்றும் எழுதிக் கொடுத்துவிடலாம், ஆட்களும் அப்படியே சொல்வார்கள் என்றான். ராணி சித்தி வேலாயுதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அது தப்பாகப் படவில்லை, செய்த வேலை கூலிக்காரன் வேலைதானே. வேலாயுதம் கண்ணைத் திறக்காமலே பேசினான். "நாளைக்கு நெசமாலுமே இவனுகள்ல ஒருத்தன் உளுந்தான்னா, அப்ப நாம சொல்றதை எவன் நம்புவான்? அவனுக பேருக்கு எடுத்தது, அவனுகளுக்கே இருக்கட்டும்." அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நம்மோடு வந்துவிட்டார்கள். சித்தி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். அவர்கள் பெண் அஷ்வினிக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது, சேரவில்லை, நம் தெரு முனைத் துணிக்கடையில் நிற்கிறாள். நாங்கள் எவ்வளவோ சொல்லியும், அடுத்த வருடம் பார்க்கலாம் பெரியப்பா என்று சொல்லிவிட்டாள். நான் பாக்டரியில் இருந்த காலமெல்லாம், என்னைக் கேட்காமலே சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களே என்று முணுமுணுத்தபடியே ரிட்டயர் ஆனேன். நிழலில் நின்று வேலை பார்த்த எனக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. சாரத்தில் நின்ற என் தம்பியைக் கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லை. ஒரு சட்டம் அவன் சட்டையைப் பிடித்து உன் பெயரையும் எழுது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று, அவனைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மிச்ச வேலையைச் சித்தையனே முடித்துக் கொடுத்தான். போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் நேரில் வந்து கூப்பிட்டார், ஆட்டோவில் கூட்டிப்போனேன். வாசலில் சக்கர நாற்காலியோடு இறக்கலாம் என்று பார்த்தால் உயரமான படிகள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள், இத்தனை பேர் பார்க்க வேண்டாம் என்று மறுத்துவிட்டான். ஆட்டோவில் இருந்தபடியே வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தான், பூச்சு நன்றாக வந்திருக்கிறது என்று சித்தையனிடம் சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பி மெல்ல, "படிக்குப் பக்கத்துல ஒரு சரிவு வெச்சிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லீங்ண்ணா" என்றான். சித்தையன் உள்ளே போய் இரண்டு தம்ளரில் பாயசம் வாங்கிவந்து கொடுத்தான். ரோட்டோரத்தில் ஆட்டோவிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ராத்திரியே போன் செய்து அழாதே, சித்தப்பாவுக்கு அது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பேசு, வேலை எப்படிப் போகிறது என்று அவனிடமே சொல், அதைக் கேட்கத்தான் அவனுக்கு ஆசை. அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் தெரியப்படுத்து. உனக்கும் தீபாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் எல்லாருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, ஏறுகிற இடத்திலெல்லாம் மாதேஸ்வரன் துணை நிற்கட்டும். அந்தக் காப்பீட்டை மட்டும் மறக்காமல் கட்டிவிடு, முதல் பெயராக உன் பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
அய்யாவு