பொட்டில்லாத நோட்டீஸ்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. அதற்கு நன்றி.

வாசிகசாலையில் மூன்று பத்திரிகையும் வாசித்தாயிற்று. வாரமலர்க் கதைக்குப் படம் போடுவது இப்போது ஏஐதான். கதை பருத்தித்துறையில் நடக்கிறது. படத்தில் ஓலை வீடு, பின்னால் மலை. யாழ்ப்பாணத்தில் மலை! ஓவியர் ஒருவர் வரைந்திருந்தால், பிழை விட்டாலும் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருந்திருக்கும். இதற்கு யாரைப் பிடிப்பது? ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதுவேன் என்று என் மனுசன் இவர் நம்பவில்லை.

தேர்தல் நோட்டீஸ்களும் அப்படித்தான். எல்லா வேட்பாளருக்கும் ஒரே தோல், ஒரே பல். கட்சிகள்தான் ஒன்றாக மாட்டோம் என்கின்றன, முகங்கள் ஒன்றாகிவிட்டன. ஒருவர் வாழைத்தோட்டத்தில் நிற்கிறார். குலையில் காய்கள் எல்லாம் நிலத்தைப் பார்த்தபடி. இவர் தோட்டத்தால் வந்து, கை கழுவாமலே வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இஞ்சரும், உந்த இனம் எங்கை எடுத்தவர் எண்டு கேட்டுச் சொல்லும். நானும் ரெண்டு குட்டி நடுவம்."

நீர்வேலியில் வாக்குக் கேட்கிறவருக்கு வாழைக்காய் மேலே பார்த்து வளைவது தெரிய வேண்டாமா!

பரமேஸ் அக்காவின் நோட்டீஸ் அச்சுக்குப் போகமுன் என்னிடம் வந்தது. பிரதேச சபைக்குச் சுயேச்சையாகக் கேட்கிறார். நாலு வீடு தள்ளி, இதே ஒழுங்கையில் இருக்கிறார். எங்கள் ஒழுங்கையின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வாய் திறந்த ஒரே ஆள். போர் முடிந்த நாட்களில் அவருடைய மனுசனை விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை. "பொட்டை எடுத்தால் அவர் இல்லையெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி" என்பார். சிவப்புப் பொட்டு, ஒரு நாளும் தவறியதில்லை.

எழுத்துப் பிழை இரண்டு பிடித்தேன். என்னிடம் தந்ததற்குச் சந்தோசம். வாசிக்கிறவளுக்கும் ஒரு வேலை.

ஏப்ரல் 9, புதன்

நோட்டீஸ் காலையில் வந்து, மத்தியானத்துக்கிடையில் ஒழுங்கை முழுவதும் கொடுத்தாயிற்று. நல்ல தாள். என் திருத்தம் இரண்டும் சரியாக ஏறியிருந்தன. பெருமைப்பட்டுக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

பின்னேரம் பரமேஸ் அக்கா வந்தார். நோட்டீஸை மேசையில் வைத்தார். கதிரையில் இருக்கவில்லை.

"வடிவாப் பார், சாந்தி. என்ன இல்லை?"

நான் எழுத்தைத்தான் பார்த்தேன். திரும்பவும் எழுத்தைத்தான். அதற்குப் பிறகுதான் முகம். நெற்றி பளிச்சென்று, ஒன்றுமில்லாமல் இருந்தது.



விசயம் அதோடு நிற்கவில்லை. வசந்தி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வசந்தியின் மனுசனையும் அதே நாட்களில்தான் கொண்டுபோனார்கள். அக்காவும் அவளும், காணாமல் போனவர்களைக் கேட்டுப் போராடிய தெருவோரக் கொட்டிலில் மனுசன்மாரின் படங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பாயில் இருந்தவர்கள். முந்தின வருசம் மகனுக்குக் காணி எழுத வேண்டும் என்று வசந்தி மரணச் சான்றிதழ் எடுத்தாள். பொட்டையும் எடுத்தாள். அன்றிலிருந்து அக்கா அவளோடு கதைப்பதில்லை. கொட்டிலில் இருந்த மற்றப் பெண்களும் விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு வசந்தி படலையைத் திறந்து ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாளாம்.

"நீங்களும் எடுத்திட்டியளே அக்கா... நீங்களும் எடுத்திட்டியளே... நான் தனிச்சுப் போனன் எண்டு நினைச்சிருந்தனான்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வசந்தி நோட்டீஸைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அதே நேரம் வசந்தியும் அக்காவின் நெற்றியை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், பொட்டு அங்கேயே இருந்தது. படலையையும் சாத்தாமல் போய்விட்டாளாம்.

கொட்டில் பெண்களிடமிருந்து போன் மேல் போன். ஒருவர் கேட்டாராம், "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாமே."

"நான் இனி வாக்குக் கேட்டு ஒரு வீட்டுக்கும் போகமாட்டன்" என்றார் அக்கா. "அவையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கோப்பாய்க்குப் பஸ்ஸில். நோட்டீஸ் செய்தவன் கோபி, சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். வழி முழுக்க ஏசுவதற்குச் சொல் தேடிக்கொண்டே போனேன். ஏஐ பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் மனதில் வரிசையாக நின்றன.

அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்காகவே அவனை ஏச முடியாமல் போயிற்று. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒன்று மாமரத்தின் கீழ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் அக்கா. மற்றது அக்காவைப் போன்ற ஒருவர்.

"அன்ரி, முகத்தைத் தெளிவாக்கு எண்டுதான் நான் குடுத்தனான். பருவெண்டு நினைச்சு அதை எடுத்திட்டுது. நானும் கவனிக்கேல்லை. என்ரை பிழைதான்."

பரு!

எத்தனை அதிகாரிகள் வந்து கேட்டுப் பார்த்தார்கள். பணம் தருகிறோம், சான்றிதழ் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள் என்று. அக்கா அசையவில்லை. யாராலும் எடுக்க முடியாததை ஒரு மெஷின் பரு என்று துடைத்துவிட்டது. அதற்குப் பகையும் இல்லை, வெட்கமும் இல்லை. கோபம் வந்தால் எறிவதற்கு எதிரே ஒருவரும் இல்லை. இதுதான் எனக்கு அதில் பிடிக்காதது என்று இன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. மலையும் வாழைக்காயும் சிரிக்கிற விசயம்.

ஆனால் நானும் அந்தத் தாளைப் பார்த்தவள். நாலு தரம். எழுத்தை மட்டும். இதை மெஷினின் தலையில் போட ஏலாது.

வருசப்பிறப்புக்கு அச்சகம் பூட்டு. திறக்கும்வரை புது நோட்டீஸ் இல்லை. மீதி நோட்டீஸ் இரண்டு பெட்டி வாசிகசாலையில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாம் சொல்லி அழுதேன். இவர் தேங்காய் திருவிக்கொண்டே கேட்டார். (இன்றைக்குச் சமையல் இவர். நன்றி.)

"பொட்டுத்தானே இல்லை?"

"ஓம்."

"வைச்சு விடுமன்."

"என்னத்தை?"

"பொட்டைத்தான். கடையிலை ஒட்டுப்பொட்டு விக்கிறாங்கள்தானே."

இந்த மனுசனைக் கட்டியதற்கும் ஒரு நன்றி.

ஏப்ரல் 12, சனி

வெக்கை. வாசிகசாலையின் காற்றாடி சத்தம் மட்டும்தான் போடுகிறது.

வாங்கியது: ஒட்டுப்பொட்டு, சிவப்பு, சின்ன அளவு. நீர்வேலிக் கடையில் இருந்தது எல்லாம். கோபி கோப்பாயிலிருந்து இன்னும் ஒரு பை கொண்டுவந்து தந்துவிட்டு, தானும் பாயில் சப்பாணி கட்டி இருந்தான்.

அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் கொட்டில் பெண்களுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். வருவார்கள் என்று நினைக்கவில்லை. வந்தார்கள். புத்தூரிலிருந்துகூட ஒருவர், பஸ் பிடித்து. எல்லார் நெற்றியிலும் பொட்டு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கலியாண வீட்டுச் சத்தம்.

"எடியே, மூக்கிலை வைக்கிறாய்!"

"கண்ணாடி விட்டிட்டு வந்திட்டன்."

"இது ஆரப்பா, பரமேசோ? இவ்வளவு வெள்ளையாய்?"

"படத்திலை எண்டாலும் வெள்ளையா இருக்கட்டும், விடு."

புத்தூர்ப் பெண் சொன்னார்: "நாங்கள் படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்த காலத்திலை உந்த மெஷின் இருந்திருந்தால், அந்தப் படமும் பொய் எண்டு சொல்லியிருப்பாங்கள்." சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னது சரி. பொய்ப் படம் செய்யலாம் என்று எல்லாருக்கும் தெரிந்த நாளிலிருந்து உண்மைப் படத்துக்கும் மரியாதை குறைகிறது. கடிதத்தில் எழுதினால் இதை எழுத வேண்டும்.

நாலு மணி போல அக்கா வந்தார். வாசலில் நின்று பார்த்தார். அத்தனை பரமேஸ் அக்கா, பாய் முழுவதும், பொட்டோடு. புத்தூர்ப் பெண் தன் பக்கத்தில் இடம் விட்டு, "வந்து இரு. உன்ரை முகத்துக்கு நாங்கள் மட்டும் வேலை செய்யிறதோ?" என்றார்.

அக்கா இருந்தார். வாய்விட்டு அழுதார். பிறகு ஒரு நோட்டீஸை எடுத்து அதில் தன் நெற்றிக்குத் தானே பொட்டு வைத்தார். கோணல்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசம். மூலிகை மருத்துநீர் தலையில் வைத்து முழுகினோம். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது. கோயிலில் அக்காவைக் கண்டேன். ஏற்கெனவே கொடுத்த நோட்டீஸை என்ன செய்வது என்று கேட்டார். நாளைக்கு வீடு வீடாகப் போய் ஒட்டுவோம் என்றேன். தலையாட்டினார். அப்பாடா.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் ஒரு தூறல். வெளிக்கிடும்போது விட்டுவிட்டது.

அக்காவும் நானும். கையில் ஒட்டுப்பொட்டு மட்டை. "நோட்டீஸ் கிடக்கோ? ஒருக்கால் தாருங்கோ" என்று கேட்டால் சனம் முழிக்கிறது. விசயத்தைச் சொன்னதும் உள்ளே ஓடித் தேடுகிறார்கள். ஒரு வீட்டில் அதில் பலகாரம் சுற்றி வைத்திருந்தார்கள். எண்ணெயில் பொட்டு ஒட்டவில்லை. அந்த வீட்டுக்காரி சாமியறைக்குப் போய்க் குங்குமம் எடுத்துவந்து தானே வைத்தாள். இன்னொரு வீட்டில் கிழவர் ஒருவர், "பிள்ளை, எனக்கு வாக்குப் போட வேறை காரணம் வேண்டாம்" என்றார். இருபது கூட்டம் வைத்தாலும் இது கிடைத்திராது. அக்கா முகம் தெளிந்துகொண்டு வந்தது.

ஒழுங்கை முடிவில் வசந்தி வீடு. நான் நடையைக் குறைத்தேன். அக்கா குறைக்கவில்லை, படலையைத் திறந்தார்.

வசந்தி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். விறாந்தைச் சுவரில், மனுசனின் படத்துக்குக் கீழே, அந்த நோட்டீஸ். நாலு மூலையும் ஒட்டி, நேராக.

அக்கா மட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்தார். விரல் நுனியில் வைத்துக்கொண்டு சுவரடிக்குப் போனார்.

"அக்கா." வசந்தியின் குரல் சரியாக வரவில்லை. "மற்ற வீடுகளிலை ஒட்டுங்கோ. இது மட்டும் இப்பிடியே கிடக்கட்டும். ஒரு நாள் எண்டாலும் நீங்கள் என்னோடை இருந்தனீங்கள்."

அக்கா நீட்டிய கையை இழுத்தார். பிறகு பொட்டை மட்டையிலேயே திரும்ப ஒட்டினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"தேத்தண்ணி போடன், வசந்தி" என்றார். "சீனி கொஞ்சமாப் போடு."