கூரைத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி

மதினி,

உங்கள் கண்ணாடிக் கிளாஸ் என் முன்னால் இருக்கிறது. ரோஜாப்பூ அச்சு பாதி அழிந்து, வாயோரம் ஒரு கீறலோடு அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து வேறு எதையும் எடுக்கத் தோன்றாமல், இதை மட்டும் துவாயில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். காலையில் படிந்த மண் இன்னும் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கழுவவில்லை. யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

மத்தியானம் தாண்டிவிட்டது. வெளியே நான்காம் நாள் மழை. இந்த மண்டபத்தில் என்னோடு ஆறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அத்தனை பேருக்கும் என்மேல் கோபம். பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆற்றைத் தாண்டி வர வைத்துவிட்டேன் அல்லவா? மலையோ அசையாமல் நிற்கிறது. சன்னலைத் திறந்தால் நன்றாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டு முத்துலெட்சுமி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். அண்ணன் கடைசி பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஒரு பிள்ளையிடம் கொப்பி கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

இந்தக் கிளாஸ் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்பது நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரிந்த கதை. நீங்கள் கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, அம்மாவுக்கு முதல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள். மலை ஊற்றிலிருந்து பீலியில் வந்த தண்ணீரில் ஒரு அட்டைப் பூச்சியும் சேர்ந்து வந்து, கொதித்து, சாயத்தோடு சாயமாக அம்மாவின் கோப்பையில் கிடந்தது. அம்மா போட்ட சத்தத்தில் லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் காய்ச்சின தண்ணீரில் முதலில் ஒரு கிளாஸ் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் தெளிய விட்டுத்தான் தேயிலையைத் தொடுவீர்கள். நான் உங்களுக்கு 'அட்டை மதினி' என்று பெயர் வைத்தேன். நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை.

என் கல்யாணம் மூன்றே வருடத்தில் முடிந்து, ஒரு பையோடு பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேனே, அன்றைக்கும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வைத்தீர்கள். கிளாஸில் ஊற்றிப் பார்த்தீர்கள். "உக்காரு புள்ள, இந்தா கொதிச்சிருச்சு" என்றீர்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்த, பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதற்குப் பிறகு நாம் மூன்று பேர். யாருடைய வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவிடவில்லை நீங்கள்.

ஆனாலும் நல்ல தேத்தண்ணிக்கு எந்த நெருப்பு, எந்தத் தண்ணீர் என்று நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நீங்கள் விறகுக் கட்சி. கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைச் சுமந்து வந்து, அடுப்புக்கு மேலே அடுக்கிக் காய வைப்பீர்கள். "தேயிலைக் கட்டையில காஞ்ச தண்ணிக்குத்தான் தேயிலை இறங்கும்" என்பீர்கள். எனக்குக் கண் எரியும், கேத்தலின் கரியைத் தேய்த்துத் தேய்த்து நகம் கறுக்கும். முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "விளக்கைக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். அண்ணன் கேஸ் கொண்டுவந்தபோது, பயந்து பயந்து நெருப்பைக் குறைத்து வைத்து, அரை மணி நேரம் தண்ணீரைச் சூடாக்கினீர்கள். வாளிக்குள் போடுகிற கரண்ட் கம்பி ஒன்றும் வந்தது. அது என்னைச் சுவரில் தூக்கி அடித்ததும் அதை ஆணியில் மாட்டி, சாமி படத்தைக் கும்பிடுவதுபோல் தள்ளி நின்று பார்த்தீர்கள்.

கடைசியாக நான் ஹட்டனில் வாங்கி வந்தது கரண்ட் கேத்தல். வெள்ளை நிறம், சிவப்பு லைட். கொதித்ததும் 'டக்' என்று தானாக நின்றுவிடும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உங்களுக்கு அதன் மூடிதான் பிடிக்கவில்லை.

"தானா கொதிக்குது, தானா நிக்குது. உள்ள என்ன நடக்குதுன்னு நாம பாக்க வேணாமா?"

"உள்ள தண்ணி கொதிக்குது மதினி. வேற என்ன, கறியா வேகுது?"

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அதிலிருந்தும் ஒரு கிளாஸ் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தீர்கள்.

என் பைத்தியம் வேறு மாதிரி. எனக்குத் தண்ணீர் அப்போதுதான் பீலியிலிருந்து பிடித்ததாக இருக்க வேண்டும். குடத்தில் தேங்கினது ஆகாது, ஒரு தடவை கொதித்ததை மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது, கூரையில் வழிந்ததைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் மா கரைக்கிறவளுக்கு நாக்கு துரை வீட்டு நாக்கு என்று கேலி செய்வீர்கள். அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும் மதினி.

பழைய லயத்தில் இருந்தபோது வந்த அந்த மழையின் முதல் இரண்டு நாள் கரண்ட் இருந்தது. கேத்தலில் காய்ச்சினோம். இரண்டாம் நாளே "மண் வாடை அடிக்குது" என்றீர்கள். புகை பிடித்த மூக்கு அப்படித்தான் சொல்லும் என்றேன். மூன்றாம் நாள் கரண்ட் போனது. கேஸும் முடிந்திருந்தது, பாதை உடைந்து கடைக்கும் போக முடியாது. மறுபடி உங்கள் விறகு அடுப்புதான். திறந்த சட்டியில் கொதித்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றித் தெளிய விட்டீர்கள். அடியில் விரல் நக அளவுக்கு மஞ்சளாகப் படிந்தது. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அதை விரலால் எடுத்துத் தேய்த்தீர்கள்.

"இது மேல் மண்ணு இல்ல புள்ள. மேல் மண்ணு கறுப்பா, பொலபொலன்னு இருக்கும். கன்று நட ஆழமாக் குழி வெட்டினா வருமே, பிசுபிசுன்னு, அந்த அடி மண்ணு. அது எப்படிப் பீலிக்கு வந்திச்சு?"

இஸ்தோப்புத் திண்ணையில் குளிருக்கு ஒதுங்கி நின்றவர்களுக்கும் காட்டினீர்கள். அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான்தானே நாலெழுத்து படித்தவள்? "மழைன்னா தண்ணி கலங்கத்தான் செய்யும்" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்காம் நாள் காலை பீலி நின்றுபோனது. வானம் கிழிந்து கொட்டுகிறது, தண்ணீர்க் கானெல்லாம் நுரைத்து ஓடுகிறது, பீலியில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. நீங்கள் வெறும் வாளியோடு அதன் முன்னால் நின்றதை இஸ்தோப்பிலிருந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது உங்கள் முகம் சரியில்லை. அண்ணன் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டார். வீட்டில் நாம் இருவர் மட்டும்.

இனி எழுதப்போவதை இன்று காலை வரை யாருக்கும் சொல்லவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"இலை அடைச்சிருக்கும். மேல போய்த் தட்டி விட்டுட்டு வந்தா என்னவாம்? தேத்தண்ணி இல்லாம தலை வெடிக்குது" என்றேன்.

"இன்னைக்கு மேல போக மனசு வரல புள்ள. கூரைத் தண்ணிய ஏந்தி வச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு அதைக் காச்சிக் குடிப்போமே."

"தகரத் தண்ணியா? துரு வாடை குடலைப் பிடுங்கும். எனக்கு வேணாம். நீங்க போகலைன்னா நான் போறேன்."

"நீ சறுக்கி விழுவ. இரு" என்றீர்கள். கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். வாசலில் இறங்கித் திரும்பி, "அடுப்பை அணைய விடாத. வந்ததும் தண்ணி வைக்கலாம்" என்றீர்கள். கிளாஸ் அடுப்புத் திண்டில் வெறுமையாக இருந்தது. நான் குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். பெரிய லொறி ஒன்று மலைமேல் கல்லைக் கொட்டுவதுபோல் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை அது. வெளியே ஓடி வந்தபோது பீலிக்குப் போகிற பாதை இல்லை, பாதை இருந்த மலைப்பக்கமே இல்லை. லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள் மண்ணுக்குள் போயிருந்தன. அவற்றில் ஆள் இல்லை. போனது நீங்கள் ஒருவர்தான். அதற்கு மூன்றாம் நாள்தான் உங்களை எடுத்தார்கள்.

"அந்த மழையில அவ ஏன் மேல போனா?" என்று அண்ணன் கேட்டார். "தண்ணி வரல, பாக்கப் போனாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. அந்தப் பொய்யில்லாத பதிலை வைத்துக்கொண்டு இத்தனை காலம் அவருக்குச் சோறு போட்டேன்.

பிறகு ஏழு குடும்பங்களை இன்னொரு மலையடிவாரத்தில் தகர வீடுகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். இது இரண்டாவது மழைக்காலம். நிவாரணமாக வீட்டுக்கு ஒரு கரண்ட் கேத்தலும் கொடுத்தார்கள். ஏழு வீட்டிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கேத்தல், ஒரே மாதிரி மூடி. அதைத் திறந்து கிளாஸில் ஊற்றிப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். உங்கள் கிளாஸ் அடுப்புத் திண்டில் உடையாமல் கிடைத்த நாளிலிருந்து அதைச் செய்யாமல் நான் தேயிலையைத் தொட்டதில்லை. அண்ணனுக்கு அது உங்கள் நினைவுக்காகச் செய்வதாகத் தோன்றியிருக்கும்.

இன்று காலை இந்த மலைப் பைப் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றி வைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அடியில் மஞ்சள். விரலால் எடுத்துத் தேய்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. அன்றைக்கு நீங்கள் காட்டின அதே மண்.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். யாரும் அசையவில்லை. "ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் சொல்லலையே" என்றார்கள். முத்துலெட்சுமி கிளாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா நீங்க, மழைன்னா தண்ணி கலங்கத்தான் செய்யும்" என்று சிரித்தாள். என் சொல்லை அவள் வாயில் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மழையில் நின்றுகொண்டு கத்தினேன். மதினி இதே மண்ணை இதே கிளாஸில் காட்டினார்கள், நான் சிரித்தேன், நான் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள், மறுநாள் பீலி நின்றது, வீட்டில் கூரைத் தண்ணீர் இருந்தும் என் நாக்குக்கு ஆகாது என்று நான்தான் மேலே அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துத் திரும்பினால் அண்ணன் எங்கள் வாசலில் நிற்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருப்பார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, முதல் ஆளாக ஆற்றுப் பக்கம் நடந்தார். அவர் நடந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கிளம்பினார்கள்.

அவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை மதினி. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. மலை விழுந்தாலும் பயம், விழாமல் இவர்கள் சாயந்தரம் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாலும் பயம்.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருந்தேன். இடையில் ஒன்று நடந்தது.

நான்கு மணிக்குப் பெண்கள் தேத்தண்ணி போடலாம் என்று எழுந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அந்த மலையிலிருந்து வருகிற அதே பைப்தான். திறந்தால் காற்று இரைந்தது, தண்ணீர் இல்லை. வெளியே மழை குறையவும் இல்லை. முத்துலெட்சுமியின் புருஷன் பிளாஸ்டிக் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இலை அடைச்சிருக்கும். ஒரு எட்டுப் போய்த் தட்டி விட்டுட்டு வாரேன்."

நான் அன்றைக்குச் சொன்ன அதே சொல். கடைசி பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார். போய் வாசலில் குறுக்கே நின்றார்.

"யாரும் மேல போகக் கூடாது."

"தேத்தண்ணிக்குத் தண்ணி வேணாமாண்ணே?"

அண்ணன் காலையிலிருந்து முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"கூரைத் தண்ணிய ஏந்து. அதுல போடு."

தாழ்வாரத்தில் பானையை வைத்தேன். சத்துணவு சமைக்கிற அடுப்பில், ஈர விறகை ஊதி ஊதிக் கொதிக்க வைத்தேன். உங்கள் கிளாஸைக் கழுவி, முதல் தண்ணீரை அதில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அண்ணனும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். மண் இல்லை. துருத் தூள் மட்டும் ஒன்றிரண்டு சுற்றிக்கொண்டிருந்தது. தேயிலையைப் போட்டு எல்லோருக்கும் ஊற்றினேன். வாசலில் இன்னும் அண்ணன்தான் நிற்கிறார், கையில் கோப்பையோடு. மலையிலிருந்து என்னவோ முறிகிற மாதிரி இரண்டு தடவை சத்தம் வந்தது. இப்போது யாரும் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் சன்னலைப் பார்க்கிறார்கள்.

துரு வாடை அடிக்கிறது மதினி. குடித்துக்கொண்டிருக்கிறேன்.