இரண்டாவது பத்தி எனக்குப் புரியவில்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் பேத்தியும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். பேரனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதைப் படத்தில் பார்த்தேன், சிரிக்கும்போது அப்படியே உன் அப்பா கடைசிக் காலத்தில் சிரித்த மாதிரி இருக்கிறது, அவனிடம் சொல்லிவிடாதே, கோபித்துக்கொள்வான். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதற்கு, நான் எங்கே ஏறுகிறேன், நாள் பூராவும் பஸ்ஸுக்கு அடியில்தானே படுத்துக் கிடக்கிறேன் என்று அவரிடமே வாய் பேசிவிட்டு வந்திருக்கிறான். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பஸ்ஸைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படுவதில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ, விடும்மா, பழசை எதுக்குக் கிளறுறே என்பாய், நானும் விட்டுவிடுவேன். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் விட்டுவிட்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. உனக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதிக்கொண்டிருந்தேனே, அந்த நோட்டு இன்னும் தீரவில்லை, அதில்தான் எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும், கண் அப்படி.

நீ ஆரம்பித்த அந்தச் சேனலைப் பேத்தி எனக்குப் போட்டுக் காட்டாத நாள் இல்லை. துணி தைக்கிறவள், பெட்டி அடுக்குகிறவள், பாத்திரம் கழுவுகிறவள் எல்லோரும் வேலை இடத்தில் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று நீ சொல்லித் தருகிறாய். முதலில் முப்பது நாற்பது பேர் பார்த்தார்கள், இப்போது எத்தனை ஆயிரம் என்று பேத்தி சொல்கிறாள், எனக்கு எண்ணிக்கை நினைவில் நிற்கவில்லை. பால் ஊற்றுகிறவர்கூட, உங்க பொண்ணு பேசினதைக் கேட்டேம்மா என்றார். அன்றைக்கு நான் வாசலிலேயே அரை மணி நேரம் வேலை இல்லாமல் நின்றேன், இன்னும் யாராவது சொல்ல மாட்டார்களா என்று. பெற்றவளுக்கு அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும். ஒரே ஒரு குறை, பேசும்போது கையை அந்த ஆட்டு ஆட்டாதே, சாலை நடுவே போலீஸ்காரர் நிற்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் நீ போன் செய்து, அடுத்த மாதம் பெரிய அரங்கத்தில் பேசப் போகிறேன், சட்டம் போடுகிறவர்களே முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள், பின்னால் திரையில் உன் படத்தைக் காட்ட வேண்டும், ஒரு நல்ல போட்டோ அனுப்பும்மா, உன் சம்மதமும் வேண்டும் என்றாய். நானும் அனுப்புகிறேன் என்றேன். சாம்பல் நிறப் புடவையில் எடுத்ததை உறையில்கூடப் போட்டு வைத்தேன். அப்புறம் அதை வெளியே எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணி பெட்டி அடுக்குகிற கம்பெனியில் வேலை செய்கிறாளே, அவள் ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ பேசுவதைப் பார்த்தாள். என் அம்மாவை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாங்க என்று நீ தொடங்குவாயே, அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து, பாவம் அத்தை நீங்க என்றாள். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கம்பெனியிலிருந்து அவள் போனுக்கு ஏதோ வந்தது, நீளமாக, கிணறு போல இறங்கிக்கொண்டே போனது. அவள் ஒரே தள்ளாகக் கீழே தள்ளி, ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தை அமுக்கிவிட்டுச் செருப்பைத் தேடினாள். என்னடி அது, படிச்சியா என்றேன். அதெல்லாம் வழக்கமா வர்றதுதான் அத்தை, எனக்குத்தான் படிக்கத் தெரியுமே என்றாள். சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்றைக்குத்தான் உறையிலிருந்து போட்டோவை வெளியே எடுத்தேன். ஏனென்றால் அந்த வார்த்தை என்னுடையது. நான் சொன்ன வார்த்தை.

கேள் அம்மாடி. நீ மேடைக்கு மேடை சொல்லுகிற கதை நடந்த கதை இல்லை. அது உன் தப்பும் இல்லை, உனக்கு அப்படிச் சொல்லி வளர்த்தது நான்தான். சலவை ஆலையில் ரோலர் மெஷினில் நாங்கள் ஒன்பது பேர் வேலை செய்தோம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரமாக ஒரு பக்கம் போய்ச் சூடாக மறுபக்கம் வரும். விரிப்பை உள்ளே விடுகிற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கை மட்டுமா, துணி நுனி பட்டாலும் நிற்கும். நின்று நின்று ஓடினால் அன்றைய வேலை முடியாது என்று, கிழிந்த விரிப்புத் துண்டால் கம்பியை மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தோம். எல்லா மெஷினிலும் அப்படித்தான், தினம் நூறு தடவை அந்தப் பக்கம் நடந்த சூப்பர்வைசர் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து உடை மாற்றும் அறை மேஜையில் வைத்தார். ஒன்பது பேரில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புடவையைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல உரக்கப் படித்தேன். ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை. என் வாழ்நாளில் அத்தனை பேர் நான் வாய் திறப்பதை அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

முதல் பத்தி புரிந்தது. இரண்டாவது பத்தி புரியவில்லை. "மேற்படி பாதுகாப்பு ஏற்பாட்டினைச் செயலிழக்கச் செய்வதனால் நேரிடக்கூடிய விளைவுகள் யாவற்றிற்கும் கீழே கையொப்பமிட்டுள்ள பணியாளர்களே பொறுப்பாவர்." இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது பார். இன்றைக்கு அர்த்தமும் தெரியும். அன்றைக்கு எழுத்து எல்லாம் தெரிந்தது, பொருள் மட்டும் கைக்குச் சிக்கவில்லை. விசில் கேட்டாள், அதுக்கு என்னடி அர்த்தம் என்று. விசிலை உனக்குத் தெரியும், மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவாளே, ஆலையின் இந்தக் கோடியில் ஊதினால் அந்தக் கோடியில் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த விசில். ஜாக்கிரதையா வேலை செய்யணும்னு போட்டிருக்குடி, அவ்வளவுதான் என்றேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, எந்த இடமாவது புரியலைன்னா கேளுங்க என்றார். சொன்னார், அம்மாடி. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ மழுப்பியிருப்பாரோ தெரியாது, ஆனால் அவர் கேட்டார். அதற்கு நான், புரியாம என்ன சார், எனக்குத்தான் படிக்கத் தெரியுமே என்றேன். முதல் கையெழுத்து நான் போட்டேன், வளைத்து வளைத்து அழகாக. எனக்குப் பின்னால் எட்டுப் பேர் பெருவிரலை மையில் ஒற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்து விசிலின் வலது கை உள்ளே போனது. ஊதுகிற இரண்டு விரல்களும் போயின. ஆலைக்காரர்கள் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள், அவர்கள் மேல் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. கம்பியைக் கட்டியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, பழியை மட்டும் தாளில் எழுதி எங்கள் தலையில் கட்டியது அவர்கள் செய்த அநியாயம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை, அதை நீ எத்தனை உரக்கச் சொன்னாலும் தகும். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் அழுதபோது உனக்குப் பதினொரு வயசு, ஏம்மா அப்படிக் கையெழுத்துப் போட்டே என்று கேட்டாய். ஏமாத்திட்டாங்கடி என்று சொன்னேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. அதனால் அதையே எல்லோருக்கும் சொன்னேன், விசிலுக்கும் சொன்னேன்.

அதனால் போன ஞாயிறு அவள் மாடி அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவதுதான். அவளுடைய இடது கை நகத்தை அவளால் வெட்டிக்கொள்ள முடியாதே, இத்தனை வருஷமும் நான்தான் வெட்டிவிடுகிறேன். மூன்று நகம் வெட்டியதும் சொல்லிவிட்டேன். இரண்டாவது பத்தி எனக்குப் புரியவில்லைடி, புரிந்த மாதிரி சொன்னேன் என்று. அவள் கையை இழுத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஏன்டி, இருபத்தேழு வருஷம் என் விரலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தியே, அப்பல்லாம் வாயில என்ன வச்சிருந்தே என்றாள். நீ போ என்றாள். நகவெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நாலு நாள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இன்றைக்குக் கடைத்தெருவில் உன் அண்ணியைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: உன் மாமியார் மகளுக்குக் கடிதம் எழுதத்தானே போறா, எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும், ஆனா அவ படிக்கக் கூடாது, வேற யாராவது படிக்கட்டும் என்று. அவள் கேட்டது நியாயம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறாள், பேத்தி படித்துக் காட்டுவாள்.

நீ பேசுவதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால்தான் எனக்குக் கோபம் வரும். நடந்ததைச் சொல் என்கிறேன். ஏமாந்த அம்மா என்றால் உன் அண்ணி மாதிரி ஆயிரம் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், நாம் அப்படி ஏமாறுகிற ஆளா என்று நினைத்து, மறுநாள் கட்டத்தை அமுக்குவார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்ட அம்மா என்று சொல்லிப் பார், அரங்கத்தில் எத்தனை தலை குனிகிறது என்று தெரியும். அந்தத் தலைகளுக்குத்தான் நீ பேச வேண்டும். முன்வரிசைக்காரர்களிடமும் கேள், எங்களுக்குப் புரியாத பாஷையில் ஏன் எழுதுகிறீர்கள், எழுதியதைப் படித்துப் பொருள் சொல்ல ஓர் ஆள் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று. என் படத்தைத் திரையில் காட்டும்போது, இவங்களுக்குப் பெருமை அதிகம் என்று சொல். என்னைக் குறைத்துச் சொல்கிறோமே என்று உனக்கு நாக்கு தடுமாறும், தடுமாறாதே. உன்னால் ஊரில் எனக்குக் கிடைத்த பேர் போகும், போகட்டும், பொய்யால் வந்த பேர்தானே அது. நீ மட்டும் பொய்யின் மேல் நின்று பேசாதே, என்றைக்காவது யாராவது உருவிவிடுவார்கள், நீ கட்டியது அத்தனையும் சரியும்.

பேசப் போகும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் உனக்குக் குரல் கீச்சிடும். வெந்நீர் பக்கத்தில் வைத்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனை அதட்டாதே, அவன் உன்னைப் போலத்தான், அதட்டினால் இன்னும் அதிகமாகச் செய்வான். நீயும் உன் வீடும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நீ வாய் திறக்கும் இடத்தில் எல்லாம் உண்மை உனக்குத் துணை நிற்க வேண்டும். கிடைத்ததும் ஒரு வரி எழுது, போனில் இல்லை, எழுத்தில்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
ஐந்தாம் வகுப்பு வரை படித்த உன் அம்மா

பின்குறிப்பு: ஞாயிறு மாலை எழுதுகிறேன். விசில் வந்தாள். பேத்தி படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் விசில், நில்லு என்றாள், இதுக்கு என்ன அர்த்தம் என்றாள், குழாய் சொட்டுகிற வரிக்குக்கூட. ஒன்றரை மணி நேரம் ஆனது. பேத்தி ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை, நானும் குறுக்கே வாய் திறக்கவில்லை. முடிந்ததும் விசில், என் கதையையும் உன் பொண்ணு சொல்லட்டும், ஆனா பாவம்கிற வார்த்தை மட்டும் அவ வாயில வரக்கூடாது, கம்பியைக் கட்டினதுல என் கையும் உண்டு, அதையும் சொல்லச் சொல்லு என்றாள். நான் போட்டோவை உறையில் போட்டேன். அவளும் தன் படம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தந்தாள், இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுகிற படம், ஆலையில் யாரோ எடுத்தது. இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன், சேர்த்தே காட்டு.

அவள் சொல்லி அனுப்பியதைப் பற்றி எழுதிய இடத்தில் கடைசி வரியை மை போட்டு அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அங்கே எழுதியிருந்தேன். பேத்தி அதைப் படித்ததும் விசில், அதை நான் சொல்லவே இல்லையே, அடி என்றாள். அடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். இதன் கீழே நீல மையில் இருப்பது அவள் இடது பெருவிரல். வெட்டாத இரண்டு நகம் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு போய்க் கதவைத் தட்டுவேன்.