பாய்லர் வாயை அடைத்த கட்டை

மச்சான்,

உன் காரியம் முடிந்து, நேற்று அரக்கோணத்திலிருந்து உன் கருவிப் பை வந்து சேர்ந்தது. "அவருக்கு அக்கா வீடுன்னா உசுரு, அங்கியே இருக்கட்டும்" என்று உன் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். உன் அக்கா கூடத்தில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்தாள். கடைசியில் பையின் அடியிலிருந்து ஒரு மரக்கட்டை வந்தது. துணி சுற்றி, ஒரு பக்கம் வெந்து கறுத்த கட்டை. பார்த்ததுமே அது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்த மார்கழி உனக்கு மறந்திருக்காது. புழக்கடை மண் அடுப்பில் அண்டா சூடேறுவதற்குள் பிள்ளை அழுது தூங்கிவிடும். இஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்த நீ, பழைய தாமிரத் தவலைகளை வெட்டி, அடித்து, ஈயம் வைத்து, விறகு போட்டு எரிக்கும் பாய்லர் ஒன்று செய்து ரயிலில் கொண்டு வந்தாய். அண்டாவுக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்து, சுவரைத் துளைத்துக் குழாயைக் குளியலறைக்குள் விட்டாய். தெருவே வந்து பார்த்தது. எதிர் வீட்டாரும் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்றார்கள்.

"மேல்வாய மட்டும் மூடிடாதீங்க பாவா. ஆவிக்கு நாம வழி வைக்கலன்னா, அதுவே வழி பண்ணிக்கும்" என்றாய்.

நான் எட்டாவதோடு நின்ற மேதை அல்லவா! மேல்வாயில் ஆவி குபுகுபுவென்று போவதைப் பார்க்கப் பார்க்க, நான் பிளந்த விறகெல்லாம் வானத்துக்குப் போகிறதே என்று பாய்லரைவிட என் வயிறு அதிகமாக எரிந்தது. மூன்றாம் நாள் காலை நீ மலைக்கோயிலுக்குப் போயிருந்தாய். நான் ஒரு மாங்கட்டையைச் செதுக்கி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மேல்வாயில் வைத்துச் சுத்தியால் அடித்து இறுக்கினேன். அடியில் விறகைத் திணித்துவிட்டுப் பல் விளக்கப் போனேன். ஆவியைப் பிடித்துக் கட்டிப்போட்ட பெருமையில் வாய் நிறையப் பாட்டு வேறு.

நெற்றி நிறைய விபூதியோடு நீ திரும்பினாய். பாய்லரின் முனகல் உன் காதில்தான் முதலில் விழுந்தது. "என்னா பாவா பண்ணி வச்சிகீறீங்க? தள்ளுங்க!" பிள்ளையை மடியில் போட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்த மகளை வெளியே இழுத்து விட்டாய். ஓடிவந்து எரிகிற விறகை வெறுங்கையால் உருவிப் போட்டாய். அதற்குள் ஈயம் வைத்த மூட்டு பிளந்து, வெந்நீர் உன் வலது கையில் பீச்சியடித்தது.

"ரயிலு வேலைன்னு பீத்திக்கினு திரிஞ்சியே, இதாடா நீ வச்ச ஈயம்? பச்சப்புள்ள இருக்கிற எடம்டா!" என்று உன் அக்கா கத்தினாள். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். நான் வாய் திறக்க வேண்டிய வேளை. திறந்தேன்.

"ஈயம் சரியா புடிக்கல போல."

அவள் பிள்ளையைத் தூக்கத் திரும்பியபோது, நீ இடது கையால் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாய். "ஆங், என் கைதான் தப்புக்கா" என்றாய்.

எதிர் வீட்டார் பாய்லர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உன் அக்கா அப்புறம் உன்னை இந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. "சுத்திய தொட்ட, கைய ஒடச்சிடுவேன்" என்பாள். நீ சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், மச்சான். நாலு வருஷம், நீ வந்த ஒவ்வொரு தடவையும்.

நேற்று அவள் அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். "இது உங்க வேட்டிக் கரை ஆச்சே?"

சொல்லிவிட்டேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவள் உன் சாமான்களை வந்த வரிசையிலேயே திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"அவன் கைய அன்னிக்கு நான் பாக்கவே இல்லியே" என்றாள். அவ்வளவுதான்.

நீ எனக்காகச் சுமந்ததை நீ போன பிறகு கொண்டுபோய் அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். அதிலும் என் சாமர்த்தியத்தைப் பார்.

இன்று காலை மண் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டையை அதில் போட்டுவிடலாம் என்று எடுத்துப் போனேன். கை வரவில்லை. இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. விறகு தள்ளக் குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.