நீ வாசிக்காமல் விட்ட வரி

இன்று காலை என் பழைய எக்ஸ்ரே உறையைத் தட்டியபோது உன் கையெழுத்து கீழே விழுந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம், நீல மை. உன் எழுத்தை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். இன்றுதான் படிக்கிறேன். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பென்சில் பெட்டியோடு வருகிற பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் மூக்குக் கண்ணாடி. இப்போது எது கையில் கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. உன் தாளையும் அந்தச் சந்தோஷத்தோடுதான் தொடங்கினேன். கடைசி வரிக்கு வர கால் மணி நேரம் ஆனது. சந்தோஷம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு குழப்பமும் வந்து உட்கார்ந்துவிட்டது.

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இருந்தாலும் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

பிழைக்க வந்த இந்த மராட்டி ஊரில், போபோடி சந்துகளில் நம் இருவருக்கும் சைக்கிள்தானே கடை. பின்னால் இட்லிப் பாத்திரம், முன்னால் சட்னித் தூக்கு, ஆட்களைக் கூப்பிடக் கையில் ஊதுகுழல். ஒரு மழைக்காலத்தில் ரயில்வே கேட் பக்கம் வழுக்கி விழுந்து என் முழங்கால் சில்லு உடைந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது, மடங்கவில்லை. "நல்ல பிசியோவாப் பாத்துப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லவர் யார் என்று யாரும் சொல்லவில்லை.

மடங்காத காலை வைத்து எப்படி மிதிப்பது? மிதிக்க முடியாவிட்டால் என் சந்துகளில் வேறு ஒருவன் ஊதுவான். அந்தப் பயத்தில்தான் அலைந்தோம். முதலில் போன இடத்தில் சிவப்பு விளக்கு, சுருசுருவென்று கரண்ட் பாய்ச்சும் பெட்டி. கொஞ்சமும் வலிக்கவில்லை. மூன்று வாரம் அதையே நல்ல வைத்தியம் என்று நம்பினேன். கால் ஒரு விரற்கடைகூட மடங்கவில்லை. அடுத்து எண்ணெய் தேய்த்து உருவிவிடும் ஒரு மாலிஷ்காரன். அவன் பிடித்து இழுத்த இழுப்பில் முழங்கால் பூசணிக்காய் ஆனது. வலிக்காததும் தப்பு, வலித்ததும் தப்பு என்றால் நான் எதை நம்புவது?

மூன்றாவதாகப் பக்கத்துக் கடக்கியில் அந்த மராட்டிக்கார பிசியோ அம்மாவிடம் கூட்டிப்போனாய். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அந்தம்மா காலைத் தொடவே இல்லை. "காம் க்யா கர்தே ஹோ, அண்ணா?" என்று முதலில் என் வேலையைக் கேட்டார். இட்லி, சைக்கிள் என்றேன். "நாளைக்கு சைக்கிளைக் கொண்டு வா" என்றார். கிளம்பும்போது நீ என் காதில் சொன்னாய்: "இவதாம்லே வைத்தியம் தெரிஞ்சவ. மத்தவன்லாம் காலைப் பாத்தான். இவ பொழப்பைக் கேக்கா."

மறுநாள் என் சைக்கிளை நீ மாடிவரை தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். ஸ்டாண்டு போட்டு, சீட்டை உயர்த்தி, முழுச் சுற்று வேண்டாம், முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டு என்றார் அந்தம்மா. வீட்டில் செய்ய வேண்டியதை இந்தியில் சொல்லச் சொல்ல நீ தமிழில் எழுதிக்கொண்டாய். அந்தத் தாள்தான் இது.

விடியும் முன் என் சந்துகளில் ஊதி, என் இட்லியை விற்று, அதன் பிறகு உன் சந்துகளுக்குப் போவாய். மத்தியானம் வந்து என் கட்டில் பக்கம் நின்று தாளைப் பார்த்து வாசிப்பாய். "குதிகாலைப் பின்னால இழு. பத்துத் தடவ." எண்ணிக்கை உன்னுடையது. எட்டு, ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

"எனக்கு எழுத்துதாம்லே தெரியாது, எண்ணத் தெரியும்."

"ஒம்பது இன்னும் முடியலலே. நீ இழு."

"உசிரு போவுது. அந்தம்மா கொலைகாரி. நான் பழைய விளக்குக்கே போறேன்."

"போ. ஒன் சந்துல எவன் ஊதுவாங்கிறதையும் நீயே சொல்லிட்டுப் போ."

ஒரு வாரத்தில் முழங்கால் மறுபடி வீங்கியது. அந்தம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். இவ்வளவு செய்யச் சொன்னது யார் என்று இந்தியில் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்தாய். ஒன்பதுகளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தாளின் கடைசி வரி இதுதான்: "வலி கூடினால் உடனே நிறுத்தவும்."

தெளிவாக எழுதியிருக்கிறாய். கீழே ஒரு கோடுகூட இழுத்திருக்கிறாய். ஒரு நாளும் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த ஒரு வரி தெரியாமல், தேடிக் கண்டுபிடித்த நல்ல வைத்தியரைக் கொலைகாரி என்று விட்டுவிடப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தாய்? சொன்னால் நான் இரண்டோடு நிறுத்திவிடுவேன் என்று தெரிந்தா? இருக்கலாம், நான் அப்படிப்பட்டவன்தான். இல்லை, இரண்டு பேர் சுற்றை ஒருவனாகச் சுற்றி உனக்குக் களைத்துப்போனதா? என் சந்துகளுக்கு முதலில் போனதால் உன் ஆட்களுக்குத் தினமும் தாமதம். அவர்களில் பாதிப் பேர் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். என் கால் சீக்கிரம் மடங்க வேண்டும் என்று யாருக்காக அவசரப்பட்டாய், எனக்காகவா, உனக்காகவா? கோபப்படலாமா என்று பார்த்தேன். வரவில்லை. நன்றி சொல்லலாமா என்றால் அதுவும் முழுதாக வரவில்லை.

தீபாவளிக்கு முன்னால் சைக்கிள் ஏறிவிட்டேன். அது அந்தம்மா சொன்னதாலா, நீ சொல்லாததாலா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு நடுவில் எழுந்துபோய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை மடக்கிப் பார்த்தேன். ஏழாவது தடவையில் வலித்தது. படிக்கத் தெரிந்தவன் அல்லவா, உடனே நிறுத்தினேன். அறையில் யாரும் இல்லை. பிறகு எட்டாவதையும் மடக்கினேன்.