விருந்தாளிக்கு விற்ற பெட்டி

ரொஹெலியோ,

சோறும் கறுப்பு அவரையும் அடுப்பின் மேல் இருக்கின்றன. சாவி பக்கத்து வீட்டு நிவியாவிடம் இருக்கிறது.

மாடி அறையில் தங்கியிருக்கும் ஹென்ட்ரிக், அசல் என்று சொல்லி நீ விற்ற சுருட்டுகளில் ஒன்றை இன்று காலை பற்ற வைத்தார். இரண்டே இழுப்பில் பிரிந்து கொட்டியது. உள்ளே வாழைச்சருகு. காய்ந்துவிடக் கூடாதென்று பத்து நாளாக அந்தப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்துக் காத்த மனுஷர் அவர். கத்தவில்லை. "உங்களுக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்" என்றேன். நம் சமையலறையில்தானே உருட்டினாய்.

நம் மகன் மயாமியிலிருந்து வரும் நாளுக்கென்று நீ பூட்டி வைத்திருந்த நல்ல சுருட்டுகளை, பூட்டை உடைத்து எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன். "ஐயோ வேணாங்க, அது உங்க பையனுக்கு வச்சதாச்சே" என்றார். "அவன் வந்தா அவங்கப்பா வித்ததையே பிடிக்கட்டும்" என்றேன்.

அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, அப்படியே சாந்தா கிளாராவுக்கு, என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். என்னைத் தேடி வராதே.

ஒதாலிஸ்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்வான். நான் ஏன் போனேன் என்று நீயே சொல். தெரிந்தும் பத்து நாள் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.