உங்கள் பாதத்தைத் தூக்கிய கரண்ட்

நேற்று புதுக்கோட்டையில் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நானாகத்தான் டாக்டரிடம் போனேன். எடுத்து முடித்ததும் நர்ஸ் என் நெஞ்சில் ஒட்டியிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். தோல் கொஞ்சம் எழும்பி, பிறகு விட்டது. "வலிச்சிச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்குக் கீழே நான் தினமும் ஒட்டிப் பிய்த்த அந்த இரண்டு கரண்ட் பேட் நினைவுக்கு வந்துவிட்டது.

குவைத்தில் பதினாறு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு, இனி பொண்டாட்டியையும் ஆவூரையும் விட்டு அசையமாட்டேன் என்று வந்தீர்கள். நாலு மாதம்கூட ஆகவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தீர்கள். பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் இடது காலும்தான் விழுந்துவிட்டன. சில மாதத்தில் கம்பு ஊன்றி நிற்க வந்தது. ஆனால் அடி எடுத்து வைத்தால் பாதம் தொங்கும், விரல்கள் தரையைத் தேய்க்கும். வாசலுக்குப் போய்வருவதற்குள் இரண்டு தடவை தடுக்கும்.

அப்போதுதான் புதுக்கோட்டையில் அந்த பிசியோதெரபி அம்மாவிடம் போனோம். சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டியை உங்கள் இடுப்பில் மாட்டினார். காலில் இரண்டு பேட், செருப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச். குதிகால் எழும்பினால் கரண்ட் பாய்ந்து பாதத்தைத் தூக்கும், குதிகால் தரையில் பட்டதும் நின்றுவிடும். முதல் அடி வைத்ததுமே நீங்கள் சத்தமாகச் சிரித்தீர்கள்.

"அட, ஏங்காலு என்னையக் கேக்காமயே தூக்குதே!"

"அப்புடி விட்றாதீங்க சார்," என்றார் அந்த அம்மா. "மெஷின் தூக்குறப்ப நீங்களும் மனசால சேந்து தூக்கணும். அப்பத்தான் மூளை திரும்பப் பழகும். தெனமும் நடக்கணும், பக்கத்துல ஆளு நிக்கணும்." வீட்டில் பழக மெஷினை இரவலாகவும் கொடுத்தார்.

அந்த ஆள் நான்தான். காலை ஆறரைக்குக் காலைத் துடைத்து, இடம் பார்த்து ஒட்டுவேன். ஒரு விரல் தள்ளி ஒட்டினாலும் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். பிய்த்து மறுபடி ஒட்டவேண்டும். பிறகு இருபது நிமிடம் உங்கள் இடது பக்கமே நடப்பேன். எட்டேகாலுக்குக் குன்றாண்டார்கோவில் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சமையல் பாதியில் கிடக்கும்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து கோயில் கேட் வரைக்கும் எங்கும் நிற்காமல் நடந்தீர்கள். அதற்கடுத்த வாரம் நான் விடைத்தாள் கட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டீர்கள்.

"டீச்சரம்மா, இங்கிட்டு வந்து பாரு. கரண்ட் இல்லாமயே வெரலு தூக்குது."

"சரி சரி, உக்காருங்க. விழுந்து வச்சிறாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேட்டில் பசை போனது. சரியாக ஒட்டாமல் கரண்ட் எறும்பு கடித்ததுபோல் சுருக்சுருக்கென்று குத்தியது. புதிது வாங்கி வரச் சொன்னீர்கள். அரையாண்டுப் பரீட்சை நேரம், எனக்கு இடுப்பு வலி வேறு. வாங்கவில்லை. அன்று காலை மெஷின் மாட்டாததால் உட்கார்ந்து காப்பி குடித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து குடித்த காப்பி. அந்தச் சுகம் எனக்குப் பிடித்துப்போனது. அதனால் மறுநாள் நீங்கள் கேட்டபோது வாய் தானாகச் சொன்னது: "கடையில இல்லையாமுங்க. வர நாளாகுமாம்."

இரண்டு வாரம் கேட்டீர்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. சக்கர நாற்காலி வாங்கினேன். குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போக அரை நிமிடம் போதும். உங்கள் விரல்கள் பழையபடி தரையைத் தேய்க்கத் தொடங்கியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். சித்திரையில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஒரே வாரத்தில் போய்விட்டீர்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சாரு ஒரு தடவ போன் பண்ணாரும்மா. பேட் கெடைக்குதான்னு கேட்டாரு. பக்கத்துக் கடையில எப்பவுமே இருக்கு சார், டீச்சரம்மாகிட்ட சொல்லவான்னேன். 'எப்பவுமே இருக்கா'ன்னு திருப்பிக் கேட்டாரு. அப்பறம், 'வேணாம்மா, நான் கேட்டதா அவகிட்ட சொல்லிறாதீங்க. அவளும் எத்தனையத்தான் தூக்குவா'ன்னு வச்சிட்டாரு."

எப்போது என்று கேட்டேன். நீங்கள் கேட்பதை நிறுத்திய அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள். தோசைக்குச் சட்னி கேட்டீர்கள், என் வகுப்புப் பிள்ளைகளின் மார்க் கேட்டீர்கள், இடுப்புக்குத் தைலம் தேய்த்தாயா என்று கேட்டீர்கள். இதை மட்டும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறுநாளே வாங்கி வந்திருப்பேன். இப்படிச் சொல்லி உங்கள் மேலேயே பழியைப் போடப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. மறுபடி நடந்திருப்பீர்களா, இரண்டாவது முறை வராமல் இருந்திருக்குமா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாவும் அப்படியெல்லாம் சொல்லவில்லை. நடக்க ஆசைப்பட்ட மனுஷனை உட்காரவைத்தேன் என்பது மட்டும் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். மன்னிப்பும் கொடுத்தார். ஆனாலும் அது இறங்கவில்லை. பொய்யை உங்களிடம் சொன்னேன். உண்மையையும் உங்களிடம்தானே சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

பேட் கடையில் இருந்ததுங்க. நான் கேட்கவே போகவில்லை.